கடைசி அழைப்பு

ஹெப்பாள் மேம்பாலத்தில் மணி ஒன்றே கால்.
"எத்தனை நாள் மேடம்?" கண்ணாடியில் பார்த்தார் டிரைவர்.
ஒரே நாள் என்றேன்.
அதற்கா இவ்வளவு பெரிய பெட்டி என்று கேட்கவில்லை,
டிக்கியை அடைக்கும்போது முனகினார்.
பெட்டியில் பாதி வால்வு.
மீதி இரண்டு ஸ்வெட்டர், பருப்புப்பொடி, கம்பளிக் காலுறை.

கவுண்டரில் பெண் கேட்டாள்: குடும்பப் பெயர்?
எங்களுக்கு அது ஒரே எழுத்து.
தெ. மணிமொழி.
பள்ளிக்கூடத்துக்கு அது போதும், ரேஷன் கடைக்குப் போதும்,
பீன்யாவில் என் கம்பெனி வாசல் பலகைக்குப் போதும்.
பாஸ்போர்ட்டுக்குப் போதவில்லை.
புள்ளியைக் கிள்ளி எடுத்தார்கள்,
உள்ளேயிருந்து அப்பா முழுசாக வந்து நின்றார்:
தெய்வநாயகம்.
அன்றிலிருந்து டிக்கெட்டில் அவர் முன்னால், நான் பின்னால்.

சோதனையில் ஆலன் சாவிக் கொத்து மாட்டிக்கொண்டது.
கைப்பையில் கிடந்ததை மறந்தே போயிருந்தேன்.
இதை வைத்து விமானத்தைக் கழற்றிவிட முடியுமா என்றேன்.
சிரித்திருக்கலாம் அந்த சிப்பாய்.
தட்டில் போட்டார். க்ளிங்.
பதினாலு வருஷம் என் கையில் இருந்த சத்தம்.

முப்பத்தெட்டு ஈ. நடுவரிசையின் நடு.
கைப்பிடி இரண்டும் அடுத்தவர் நாடு.
முன்சீட்டுக்காரர் ஒரே சாய்ப்பாகச் சாய்ந்தார்,
உப்புமா என் நெஞ்சுக்கு வந்தது.
இடதுபக்கப் பையன் தூங்கித் தூங்கி
என் தோளில் வந்து விழுந்தான்.
எடுத்து வைத்தேன். விழுந்தான்.
அரபிக்கடல் முழுக்க இதுதான் வேலை.

தோஹாவில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.
கூரையிலிருந்து ஒரு குரல்:
மிஸ்டர் டேவா... நயா... காம்.
யாரோ என்று வாய் கொப்புளித்தேன்.
மறுபடி. மிஸ்டர் டேவாநயாகாம், கடைசி அழைப்பு.

அப்பா கண்டக்டர்.
விழுப்புரம் திருவண்ணாமலை, இருபத்தாறு வருஷம்.
விசிலடித்தால் அடித்ததுதான்,
ஓடி வருகிறவனுக்கென்று வண்டியை நிறுத்தியதில்லை.
அவர் போய் ஆறு வருஷமாகிறது.
இங்கே ஒரு தேசமே நின்று அவரைக் கூப்பிடுகிறது,
சீக்கிரம் வாருங்கள், வண்டி உங்களுக்காக நிற்கிறது என்று.

ஓடினேன்.
ஒரு கையில் பிரஷ், வாயோரம் நுரை.

வார்சாவில் 'மிஸ்டர் டெய்வா' என்று அட்டை பிடித்திருந்தவன்
என் தலைக்கு மேலாக ஓர் ஆணைத் தேடினான்.
மூன்று மணி நேரம் பனியில் கார்.
காகித ஆலை.
கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.
அவர்களிடமே ஒரு ஆலன் சாவி கடன் வாங்கி,
கழற்றி, திருப்பி, முடுக்கினேன்.
பதினொரு நிமிஷம்.
பெட்டியைத் திறக்கவே இல்லை.

திரும்பி வந்தால் பெங்களூரில் ஒன்பதாம் பெல்ட்
சுற்றிச் சுற்றி கடைசியில்
ஒரு குழந்தைத் தள்ளுவண்டியை மட்டும் சுமந்தது.
அது ஐந்து சுற்று வந்தபின்
படிவம் வாங்கி நிரப்பினேன்.
பெட்டியின் நிறம்? சாம்பல்.
உள்ளே என்ன? வால்வு.
எதற்கான வால்வு?
தேவைப்படாத வால்வு என்று எழுத இடமில்லை.

ஆபீஸில் நிகில் பெல்லியப்பா
பில்களை விசிறிபோலப் பிடித்துக்கொண்டு வந்தார்:
போனது நீங்கள், பில்லெல்லாம் இன்னொருவர் பேரில்,
யார் இந்த தெய்வநாயகம்? ஆடிட்டர் கேட்பார்.
கூட வந்தவர் என்று சொல்ல வாயெடுத்து
பான் கார்டைக் காட்டினேன்.

ஐந்தாம் நாள் ஜாலஹள்ளி வீட்டுக் கதவு.
பையன் மூச்சு வாங்கினான், லிஃப்ட் வேலை செய்யவில்லை.
பெட்டியில் ஒரு சக்கரம் இல்லை.
கைப்பிடி நிறைய ஒட்டுச்சீட்டு,
இஸ்தான்புல், ஜூரிக், மஸ்கட்.
ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாவற்றிலும் அவர் பெயர்,
ஒன்றில்கூட எழுத்துப் பிழை இல்லை.

"தெய்வநாயகம் சார் இதாரா?"

இப்போதுதான் வந்தார் என்றேன்.
எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினான்.
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு
அந்த ஒரு எழுத்தை மட்டும் போட்டு
பக்கத்தில் புள்ளி வைத்தேன்.
பையன் உற்றுப் பார்த்தான்.
"முழுப் பேர் மேடம்."